பெரிய எண்ணைப் பிரித்துப் பார்க்க கேசியோ 991இஎக்ஸ்: எதுவரை நம்பலாம்?

கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் அறிவியல் கால்குலேட்டரைக் கடையில் 'கிளாஸ்விஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேசுவரம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களும் பி.எஸ்சி. கணிதம் படிப்பவர்களும் இதை அணிக்கும் சமன்பாட்டுக்கும் தொகையிடலுக்கும்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அந்த வேலைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப் போவது ஒரே ஒரு வேலை. ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்தால், அது பகா எண்ணா, அதன் பகாக்காரணிகள் எவை, மொத்தம் எத்தனை காரணிகள் என்பதையெல்லாம் இந்தக் கருவி எவ்வளவு தூரம் சரியாகச் சொல்லும்?

பத்து இலக்கம் வரை நன்றாகச் சொல்லும். ஆனால் திரையில் அடைப்புக்குறி வந்தால் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் தப்பான விடையை எழுதிவிட்டு, கால்குலேட்டரே சொன்னது என்பார். அடைப்புக்குறியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இயக்கும் முறை. எண்ணை அடித்து சமக்குறியை அழுத்துங்கள். விடை திரையில் நிற்கும்போதே ஷிஃப்ட்டை அழுத்தி, பாகை-நிமிடம்-வினாடிக் குறி போட்ட பொத்தானை அழுத்தினால், எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிக்கும் 'ஃபேக்ட்' வேலை செய்யும். சமக்குறியை அழுத்தாமல் நேராக ஃபேக்ட்டுக்குப் போனால் ஒன்றும் நடக்காது. புதிதாக வாங்கியவர்கள் 'இதில் அந்த வசதியே இல்லை' என்று திருப்பிக் கொடுக்க வருவது பெரும்பாலும் இதனால்தான். 991சிடபிள்யூ என்ற அடுத்த பதிப்பில் இந்தப் பொத்தான் கிடையாது. அதில் ஃபார்மேட் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் பிரைம் ஃபேக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

12345679 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 8 இல்லாத இந்த எண்ணை 9-ஆல் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு அது. ஃபேக்ட் காட்டுவது 37×333667. அடுத்து பத்து ஒன்றுகள், 1111111111. அதற்கு வருவது 11×41×271×9091. இரண்டும் சரி. இரண்டிலும் அடைப்புக்குறி இல்லை. அடைப்புக்குறி இல்லாமல் வந்த விடையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது 4104676. திரையில் 2²×(1026169) என்று வரும். அந்த அடைப்புக்குள் இருப்பது பகா எண் அல்ல, 1013-இன் வர்க்கம். இந்த உதாரணம் கருவியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் கையேட்டின் அந்தப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்?

கருவி உள்ளே செய்வது இதுதான். கொடுத்த எண்ணை 2, 3, 5, 7 என்று மூன்று இலக்கப் பகா எண்கள் வரைக்கும், அதாவது 997 வரைக்கும், வகுத்துப் பார்க்கிறது. அதற்கு அடுத்த பகா எண் 1009. அதற்குப் போகாமல் 997-ஓடு நிறுத்திக்கொள்கிறது. வகுத்து வகுத்துக் கடைசியில் மிஞ்சும் எண் 1009-இன் வர்க்கமான 1018081-க்குக் குறைவாக இருந்தால், அது பகா எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். பகு எண்ணாக இருந்தால் அதற்குக் குறைந்தது இரண்டு பகாக்காரணிகள் வேண்டும், இரண்டும் 1009 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அப்போது பெருக்குத்தொகை 1018081-ஐ எட்டிவிடும். ஆகவே 333667-க்கும் 9091-க்கும் அடைப்புக்குறி தேவைப்படவில்லை. மிஞ்சியது 1018081 அல்லது அதற்கு மேல் என்றால் கருவியால் முடிவு சொல்ல முடியாது. அப்போதுதான் அடைப்புக்குறி வருகிறது. அதன் பொருள் 'இது பகா எண்' என்பதும் அல்ல, 'இது பகு எண்' என்பதும் அல்ல. 'இதற்கு மேல் நான் பார்க்கவில்லை' என்பது மட்டும்தான்.

இது நல்ல வடிவமைப்பு என்றுதான் சொல்வேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாமல் தனியே பிரித்துக் காட்டுகிறது. குறை என்னவென்றால், கணக்கில் அடைப்புக்குறிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கேள்விக்குறி மாதிரி ஏதாவது ஓர் அடையாளம் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

அடைப்புக்குள் மாட்டிய எண்ணை எப்படி விடுவிப்பது? இங்கேதான் இந்தக் கருவியின் டேபிள் வசதி உதவுகிறது. 4294967297 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. இது பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 641 இதை வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். கருவியில் போட்டால் 641×(6700417) என்று வருகிறது. ஆய்லர் கண்ட காரணி ஒரு நொடியில் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் 6700417 அடைப்புக்குள் நிற்கிறது.

இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588.5. ஆகவே 1009-இலிருந்து 2588 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே இருநூறுக்கும் மேல் வரும். அத்தனையும் வேண்டாம். இந்த வகை எண்ணின் பகாக்காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும். ஆய்லர் 64-இன் மடங்கு என்று காட்டியதைப் பின்னால் வந்த கணிதவியலாளர் லூகா 128 என்று இறுக்கினார். 641-ஐயே பாருங்கள்: 128×5+1. ஆகவே சோதிக்க வேண்டியவை 1025, 1153, 1281, 1409 என்று 128 இடைவெளியில் போகும் எண்கள் மட்டும்.

மெனுவில் 9 அழுத்தினால் டேபிள். சார்பு கேட்கும் இடத்தில் 6700417÷(128x+1) என்று அடியுங்கள். இரண்டாவது சார்பு கேட்டால் காலியாக விட்டு சமக்குறியைத் தட்டுங்கள். தொடக்கம் 8, முடிவு 20, இடைவெளி 1. பதின்மூன்று வரி வரும். x=21 என்றால் 2689, அது வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும், ஆகவே 20-உடன் நிறுத்தலாம். பதின்மூன்றில் ஒரு வரியில்கூட முழு எண் வராது. x=9 வரியில் 5811.28968, x=11 வரியில் 4755.44145. உண்மையில் அந்தப் பதின்மூன்றில் 1153-உம் 1409-உம் மட்டுமே பகா எண்கள். மற்றவை தாமே சிறு காரணிகளாக உடைந்துவிடும், ஃபேக்ட் அந்தச் சிறு காரணிகளை ஏற்கெனவே பார்த்துவிட்டது. இரண்டே இரண்டு வகுத்தலில் 6700417 பகா எண் என்று முடிவாகிவிடுகிறது. டேபிளைத் தட்டியது எதையும் விட்டுவிடாமல் இருக்கத்தான்.

டேபிளில் ஒரு கவனம் தேவை. கட்டத்துக்குள் இடம் குறைவு, ஆகவே எண்ணின் வால் வெட்டுப்பட்டுத் தெரியும். முழுப்பகுதி ஐந்து இலக்கமாக இருந்தால் தசமப்பகுதி கிட்டத்தட்ட மறைந்தே போகும். கட்டத்தைப் பார்த்து 'முழு எண் வந்துவிட்டது' என்று துள்ள வேண்டாம். அம்புக்குறிப் பொத்தானால் அந்தக் கட்டத்துக்குப் போனால் கீழ்வரியில் முழு மதிப்பும் தெரியும். அதைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய சோதனை 2147483647. 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தது. ஃபேக்ட் முழு எண்ணையும் அப்படியே அடைப்புக்குள் போட்டுத் திருப்பிக் கொடுக்கும். இது பகா எண் என்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். கருவியை வைத்து நாமும் நிறுவலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். இதற்குக் காரணி ஏதும் இருந்தால் அது 62-ஆல் வகுக்க 1 மீதி தர வேண்டும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248x+1, 248x+63 என்ற இரண்டே வடிவங்கள் மிஞ்சும். இப்போது டேபிளின் இரண்டு சார்புகளும் வேண்டும். முதலாவதில் 2147483647÷(248x+1), இரண்டாவதில் 2147483647÷(248x+63). வர்க்கமூலம் 46341-க்குச் சற்றுக் குறைவு, ஆகவே x 4-இல் தொடங்கி 186-இல் முடியும். மொத்தம் 183 வரிகள். ஒரு சார்பு மட்டும் இருந்தால் டேபிள் 45 வரி தாங்கும், இரண்டு இருந்தால் 30 வரிதான். அதைத் தாண்டினால் ரேஞ்ச் எரர். ஆகவே 4–33, 34–63, 64–93 என்று முப்பது முப்பதாக ஆறு தடவை, கடைசியில் 184–186 ஒரு தடவை. ஏழு டேபிள், 366 வகுத்தல். எங்கும் முழு எண் வராது. ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலை. வகுப்பில் ஏழு குழுவாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். இந்தக் கருவியால் எண்ணியலில் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

போகிற போக்கில் இன்னொன்று. இதே 2147483647-தான் இருமம், தசமம் போன்ற எண் முறைகளுக்கான பேஸ்-என் பகுதியில் தசம முறையில் அடிக்கக்கூடிய மிகப் பெரிய எண். அதோடு 1 கூட்டினால் மேத் எரர். இரும முறைக்கு மாற்றினால் முன்னால் ஒரு சுழியும், பிறகு வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகளும் நிற்கும்.

பத்து இலக்கத்தைத் தாண்டிய எண்கள் வந்தால்தான் கருவியின் கை கட்டப்படுகிறது. இதற்குச் சோதனை எண்ணாக ராமானுஜன் எண் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்களைப் பற்றி 1915-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் 6746328388800. நம் கணக்கில் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கம். இதைக் கருவியில் அடித்துச் சமக்குறி போட்டால் 6.746328389×10¹² என்றுதான் வரும். ஃபேக்ட் எடுபடாது.

மறைந்த இலக்கங்கள் தொலைந்துவிடவில்லை. கருவி உள்ளுக்குள் 15 இலக்கம் வைத்துக் கணக்கிடுகிறது, காட்டுவது பத்துதான். வந்த விடையிலிருந்து 6746328000000-ஐக் கழித்தால் 388800 என்று வால்பகுதி வெளியே வரும். ஆகவே 15 இலக்கம் வரையுள்ள எண்ணைச் சிறிதாக்கி, பத்து இலக்கத்துக்குள் கொண்டுவந்து, பிறகு ஃபேக்ட் போடலாம். எதனால் வகுத்துச் சிறிதாக்குவது என்பதுதான் கேள்வி.

அதற்குக் கையால் செய்யும் ஒரு வழி இருக்கிறது. எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 6, 746, 328, 388, 800. வலமிருந்து கழித்துக் கூட்டிக் கழித்துக் கூட்டிப் போங்கள். 800−388+328−746+6. விடை சுழி. சுழியோ 1001-இன் மடங்கோ வந்தால் எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7×11×13. ஒரே கணக்கில் மூன்று பகாக்காரணிகள் கிடைத்துவிட்டன. இப்போது கருவியில் 6746328388800÷1001 போட்டால் 6739588800. சரியாகப் பத்து இலக்கம். ஃபேக்ட் தட்டினால் 2⁶×3⁴×5²×7×17×19×23. அதோடு முன்பு எடுத்த 7, 11, 13-ஐச் சேர்த்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 7×5×3×3×2×2×2×2×2, ஆக 10080. காரணிகளை எண்ணித் தரும் பொத்தான் இந்தக் கருவியில் கிடையாது. ஆனால் ஃபேக்ட் கொடுத்த அடுக்குகள் கண் முன்னால் இருக்கும்போது அந்தப் பெருக்கல் ஒரு சிரமமே இல்லை.

அந்த எண்ணை 23-ஆல் வகுத்தால் 293318625600. இதுவும் அதே குணமுள்ள எண்தான், 5040 காரணிகள் உடையது. ராமானுஜனின் பட்டியலில் விடுபட்டுப்போனது இது. இதையும் மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 600−625+318−293. மறுபடியும் சுழி. 1001-ஆல் வகுத்தால் 293025600, ஃபேக்ட் 2⁶×3⁴×5²×7×17×19 என்று சொல்லும். கருவி எதுவும் இல்லாத காலத்தில், தாளில் எழுதி இப்படிப்பட்ட எண்களை வரிசையாக அடுக்கிய மனிதரின் உழைப்பு, நாம் மூன்று பொத்தானைத் தட்டி அதைச் சரிபார்க்கும்போதுதான் உறைக்கிறது.

மும்மூன்றாகப் பிரிப்பதற்கு இந்தக் கருவியிலேயே ஒரு வசதி உண்டு. செட்டப்பில் கீழே நகர்ந்து போனால் டிஜிட் செப்பரேட்டர் என்று இருக்கும். அதை ஆன் செய்தால் விடையில் மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை இடைவெளி விழும். லட்சம், கோடி என்று வாசித்துப் பழகிய நமக்கு முதலில் இடறும். 908 107 200 என்று திரையில் இருப்பதைத் தொண்ணூறு கோடியே எண்பத்தோரு லட்சத்து ஏழாயிரத்து இருநூறு என்று படிக்க ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். அணைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 1001 சோதனைக்கு அந்த இடைவெளிதான் கண்ணுக்குக் கோடு போட்டுத் தருகிறது. 200−107+908 என்று அப்படியே படித்துக்கொண்டே போகலாம். விடை 1001, ஆகவே வகுபடும்.

இந்த இடத்தில் ஏலக்கூடத்திலும் கருவாட்டு மண்டியிலும் மளிகைக் கடையிலும் இருக்கும் சாதாரண 12 இலக்கக் கால்குலேட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது 293318625600-ஐப் பன்னிரண்டு இலக்கமும் தெரியக் காட்டும். பத்தாயிரக்கணக்கில் விலை பேசும் இடத்தில் வட்டமாக்கிக் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. அறிவியல் கால்குலேட்டர் பத்தோடு நிறுத்திப் பத்தின் அடுக்குக்குப் போய்விடும். ஆகவே பதினோரு, பன்னிரண்டு இலக்க எண்ணைச் சிறு எண்களால் வகுத்துப் பார்க்கும் வேலைக்கு மட்டும் என்றால் கடைக் கால்குலேட்டரே வசதி. ஆனால் 23-ஆல் பெருக்கிப் பதின்மூன்று இலக்கத்துக்குப் போனால் திரையில் 'இ' எழுத்து விழுந்து கணக்கு நின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ஒன்று காட்டாததை மற்றது காட்டும்.

1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் தொடர்பெருக்கத்தில் (குறி !) சுருக்கமாக ஒன்று. ஃபேக்ட் போட முடிகிற மிகப் பெரிய தொடர்பெருக்கம் 13!, அதாவது 6227020800. விடை 2¹⁰×3⁵×5²×7×11×13. 14! பதினோரு இலக்கம், எடுபடாது. கருவி கணக்கிடும் உச்சம் 69!, 1.711224524×10⁹⁸ என்று காட்டும். அதன் கடைசியில் எத்தனை சுழி என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 69-ஐ 5-ஆல் வகுத்து 13, 25-ஆல் வகுத்து 2, ஆகப் பதினைந்து சுழி என்று கையால்தான் சொல்ல வேண்டும்.

எந்த இடத்தில் கருவியை விட்டுவிட வேண்டும்? உள்ளே வைத்திருக்கும் 15 இலக்கத்தைத் தாண்டியதும். 10¹⁵+1−10¹⁵ என்று அடித்துப் பாருங்கள், விடை சுழி. அந்த ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்ணை எடுத்தால் சங்கடம் முழுசாகப் புரியும். அது 147573952589676412927, இருபத்தோரு இலக்கம். பகு எண் என்று லூகா 1876-இலேயே காட்டியிருந்தும், காரணிகள் கிடைத்தது 1903-இல், கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு. 193707721×761838257287. கருவியில் 2⁶⁷−1-ஐ 193707721-ஆல் வகுத்தால் 7.618382573×10¹¹ வரும். அது முழு எண்ணா இல்லையா என்று திரை சொல்லாது. எதனால் வகுத்தாலும் இப்படித்தான் வரும். இந்த நிலையில் கருவியின் விடையை ஆதாரமாக வைக்கக் கூடாது. எக்செல் மாதிரி விரிதாளும் இங்கே உதவாது. அதுவும் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சுழியாக நிரப்பி 147573952589676000000 என்று காட்டும். போனில் இருக்கும் கால்குலேட்டர் ஆப் நம்பத் தக்கதா என்று பார்க்க இதே எண் நல்ல உரைகல். 2⁶⁷−1 கடைசி இலக்கம் 7 என்று வர வேண்டும். சுழியில் முடிந்தால் அது வட்டமாக்கியிருக்கிறது.

இதற்கு மேல் வேண்டுவோருக்குப் பாரி ஜிபி. பிரான்சின் போர்தோவில் எண்ணியல் ஆராய்ச்சிக்காக உருவான இலவச மென்பொருள். கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனுக்கும் பாரிடிராய்ட் என்ற வடிவம் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. பாம்பனைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னல் விட்டுவிட்டு வரும் நமக்கு இது பெரிய அனுகூலம். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஃபேக்டர் என்று அடித்து, அடைப்புக்குள் எண்ணைக் கொடுத்தால் இரண்டு பத்தியாக விடை வரும். இடப்பக்கம் பகாக்காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. எண்ணுக்குள் காற்புள்ளி போட்டு அடிக்கக் கூடாது. 67,46,32 என்று நம் பழக்கத்தில் அடித்தால் தனித்தனி எண்களாக எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். நம்டிவ் என்ற கட்டளை காரணிகளின் எண்ணிக்கையை நேரே கொடுத்துவிடும், 6746328388800-க்கு 10080. கோலின் காரணியைச் சரிபார்க்க அந்த இருபத்தோரு இலக்கத்தை வகுக்கக்கூட வேண்டாம். மாட்(2,193707721)^67 என்று அடித்தால் மீதி 1 என்று வரும். அவ்வளவுதான், வகுபடுகிறது. மாட் என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், சிறிய எழுத்தில் அடித்தால் அதற்குப் புரியாது.

அப்படியானால் இந்தக் கால்குலேட்டரை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கலாம். பாரி விடையைத் தருகிறது. 991இஎக்ஸ் விடைக்குப் போகும் வழியில் பாதியைத் தந்து, மீதியை நம்மைச் செய்ய வைக்கிறது. எண்ணியலைப் படிக்கிறவருக்கு அந்த மீதிப் பாதிதான் வேண்டும். 991இஎஸ் பிளஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஃபேக்ட் அதிலும் உண்டு, இந்த ஒரு வேலைக்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. 82எம்எஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம். 991சிடபிள்யூவில் உள்கணக்கு 23 இலக்கம், அதனால் மறைந்த இலக்கங்களை மீட்கும் வேலைக்கு அது இன்னும் தோது. ஆனால் ஷிஃப்ட்டைத் தட்டிப் பழகிய விரலுக்கு அதன் பட்டியல் முறை நிதானமாகத்தான் பிடிபடும். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது: நீட்டிலும் ஜேஇஇ மெயினிலும் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது, 1001 சோதனையைக் கையால் பழகுவதே அங்கே உதவும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளுக்குக் கால்குலேட்டர் வாங்கி வருவது வழக்கம். அங்கே கிடைப்பது 991ஏஆர்எக்ஸ், அரபு நாடுகளுக்கான பதிப்பு. கருவி நல்லதுதான், ஆனால் இங்கே சொன்ன பொத்தான் வரிசை அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் அதன் கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். வாங்கி வரச் சொல்லும்போதே மாடல் எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி நம் கடற்கரைக்கே உரிய தொல்லை. கருவிக்குச் சூரியத் தகடும் எல்ஆர்44 பட்டன் பேட்டரியும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. தகடு இருக்கிறது என்று பேட்டரியை மறந்துவிடுவோம். உப்புக்காற்றில் பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும், பழைய பேட்டரி கசிந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வெயிலில் நன்றாக வேலை செய்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் திரை மங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பின்மூடியின் திருகைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, தகட்டைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புதிய பேட்டரியைக் கூட்டல் குறி தெரியும்படி போடுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், உறை உருகிவிடும். போட்ட பிறகு ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, ஏசி என்ற வரிசையில் தட்டித் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சில சமயம் திரை தாறுமாறாக வரும். இப்படிச் செய்யும்போது டிஜிட் செப்பரேட்டரும் அணைந்துவிடும், மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

வெப்பமும் ஒரு பிரச்சினை. கருவிக்குச் சொல்லப்பட்ட எல்லை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் பைக் டேங்க் கவரிலோ, கண்ணாடி ஏற்றிய வண்டியிலோ, படகின் அணியத்திலோ வைத்துவிட்டுப் போனால் திரை முழுக்கக் கறுத்துவிடும். நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் தெளியும். தெளியும்வரை எதையும் தட்ட வேண்டாம். மேல்மூடியைப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் வைத்தால் பொத்தான்களுக்குள் உப்பு இறங்குவதும் குறையும். சமக்குறிப் பொத்தான் சரியாக அமுங்காமல் போனால் ஃபேக்ட்டும் எடுபடாது, அப்போது கோளாறைக் கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.